பழைய வண்டியும் புதுப் பூச்சும்

ஒருவர் பழைய மோட்டார் வண்டி ஒன்றை மூன்று வருஷம் பாடுபட்டுப் புதுப்பித்திருக்கிறார். இப்போது அதை விற்க வேண்டிய நிலை வந்திருக்கிறது. வண்டி பார்வைக்கு லட்சணமாயிருக்கிறது. ஆனால் இன்னும் சில குறைகள் அதில் தங்கியிருப்பது அவருக்குத் தெரியும். வாங்க வருகிறவரிடம் அவர் எதையெல்லாம் சொல்லக் கடமைப்பட்டவர்? எதைச் சொல்லாமல் விடலாம்? கேட்டால் சொன்னால் போதுமா, கேளாமலே சொல்ல வேண்டுமா?

இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கைப் பற்றிய கேள்வி, நமக்கென்ன என்று வாசகர் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். பீர்க்கன்கரணைக் குடும்பங்களுக்கு இது சொந்த ஊர்க் கேள்வி. நமக்குக் கூப்பிடு தூரத்தில், பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே, ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் ஆலை இருந்தது. 1948-ல் சென்னையில் தொடங்கப்பெற்ற கம்பெனி அது. இங்கிலாந்து தேசத்து ஸ்டாண்டர்டு வண்டிகளை இங்கே உருவாக்கி, 1961 முதல் ஹெரால்டு என்ற சிறிய வண்டியை வெளியிட்டது. 1970-களில் கெஸல், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று மேலும் சில வண்டிகள் வந்தன. 1988-ல் கார் உற்பத்தி நின்றது. ஆலை இருந்த நிலத்தில் இன்று கணினிக் கம்பெனிகளின் உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன. ஆலை போய்விட்டது; ஆனால் வண்டிகள் அடியோடு போய்விடவில்லை. கொட்டகைகளிலும் மாமரத்தடிகளிலும் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் ஹெரால்டுகள் இன்னும் உண்டு. ஆசை கொண்ட சிலர் அவற்றை வாங்கி, புதுப்பேட்டையில் உதிரிச் சாமான் தேடி அலைந்து, மறுபடியும் ஓட வைக்கிறார்கள். மெச்சத்தக்க உழைப்புதான்.

அந்த வண்டியின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் நம் கேள்வியின் முடிச்சு விளங்கும். இந்நாள் கார்களில் அடிச்சட்டமும் உடலும் ஒரே கூடாக இருக்கும். ஹெரால்டு அப்படியன்று. சேஸிஸ் என்னும் அடிச்சட்டம் தனி; அதன்மேல் உடல் பல துண்டுகளாக வந்து போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். முன் மூடியைத் தூக்கினால் இரு பக்கத்து மட்கார்டுகளும் அதோடு சேர்ந்து முன்பக்கம் கவிழ்ந்துவிடும். எஞ்சின் முழுவதும் கண்முன் நிற்கும். கூரையும் இப்படிப் பூட்டப்பட்ட ஒரு துண்டுதான். இதனால்தான் இங்கிலாந்தில் 1960 முதல், கூரை மடங்கும் வகை ஒன்றையும் அதே அடிச்சட்டத்தின்மேல் எளிதாகச் செய்து விற்றார்கள். நம் ஜனங்கள் 'ஓப்பன் கார்' என்பது அதைத்தான். நம் வீதிகளில் ஓடிய ஹெரால்டுகளோ பெரும்பாலும் கூரை மூடியவை. பிற்காலத்தில் சிலர் அந்தக் கூரையைக் கழற்றிவிட்டுப் படுதா தைத்துப் போட்டு, மூடிய வண்டியைத் திறந்த வண்டி ஆக்கியதும் உண்டு.

இப்போது ஒரு வழக்கை வைத்துக்கொள்வோம். யாரையும் மனதில் வைத்துச் சொல்வதன்று. விஷயம் தெளிவதற்காகவே சொல்லுகிறோம். வண்டி 1960-களில் செய்த ஹெரால்டு. கூரை மடங்கும் கோலத்தில் இருக்கிறது. நான்கு குறைகள் உள்ளன. முதலாவது, படுதா தையல் ஓரிடத்தில் விட்டு மழை நீர் உள்ளே இறங்கும். பின் ஆசனத்தில் அதன் கறை தெரிகிறது. இரண்டாவது, வண்டி முன்பு முடிச்சூரில் ஒரு கொட்டகையில் இருந்து, 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியது. அடிச்சட்டத்தின் பின்பக்கக் கைகள் உள்ளே துருவேறிப் போயின. அவற்றை மாற்றக் கையில் பணம் இல்லாமல், பட்டி வைத்துத் தேய்த்து, மேலே கறுப்புப் பூச்சு அடித்திருக்கிறது. மூன்றாவது குறை முன் சக்கரத்தில். அங்கே ஓர் எஃகுத் தண்டின் அடிமுனையில் திருகு வெட்டி, அதை வெண்கலக் கட்டை ஒன்றில் பொருத்தியிருப்பார்கள். ட்ரனியன் என்பது அதன் பெயர். அதற்குக் கெட்டியான கியர் எண்ணெய் விட வேண்டும். விவரம் அறியாத மெக்கானிக்குகள் கிரீஸை அடைத்துவிடுவார்கள். கிரீஸ் காய்ந்து, நீர் புகுந்து, எஃகு துருப்பிடித்தால், ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். நம் வண்டியில் வலது பக்கத்துக் கட்டையில் ஆட்டம் காண்கிறது. நான்காவது, அந்தத் திறந்த கூரை ஆலை கொடுத்ததன்று, பிற்பாடு கழற்றப்பட்டது.

விற்கிறவரும் கெட்டவர் அல்லர். மகளின் கல்லூரிச் சம்பளத்துக்குப் பணம் வேண்டும். குறைகளையெல்லாம் சொன்னால் கிரயத்தில் கால்வாசி போய்விடும். சொல்லாவிட்டால் வாங்குகிறவர் இந்த வருஷத்தில் கண்டுபிடிக்கப் போவதில்லை. சோதனை எப்போதும் இப்படித்தான், நல்ல காரணம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டே வரும்.

சந்தையிலுள்ளவர்களின் பதில் தயாராயிருக்கிறது. "அறுபது வருஷத்துப் பழைய வண்டி, குறை இல்லாமல் இருக்குமா? உள்ளது உள்ளபடி விற்கிறேன், வேண்டுமானால் மெக்கானிக்கைக் கூட்டி வந்து பார்த்துக்கொள்ளட்டும்." இதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. நம் தேசத்துச் சட்டமும் ஓரளவு அந்தப் பக்கம் சாய்கிறது. 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, சில விலக்குகள் நீங்கலாக, சரக்கைப் பார்த்து வாங்குவது வாங்குகிறவன் பொறுப்பு. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவோ, பேசாமல் இருப்பது மாத்திரத்தால் வஞ்சகம் ஆகாது என்கிறது. அதற்கு அந்தச் சட்டமே ஒரு குதிரையை உதாரணம் காட்டுகிறது. நோயுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவன் அதை ஏலத்தில் விற்று, நோயைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அது வஞ்சகமன்று. இதோடு நிறுத்திக்கொள்ளுகிறவர்களே அதிகம். ஆனால் அடுத்த உதாரணங்களையும் வாசிக்க வேண்டும். வாங்குகிறவள் அவனுடைய சொந்த மகளாகவும், இப்போதுதான் வயது நிரம்பியவளாகவும் இருந்தால், அந்த உறவே அவனைப் பேசக் கடமைப்படுத்தும். மற்றொன்று: "நீங்கள் மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரைக்குக் குறையில்லை என்று எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குகிறவன் சொல்லும்போது விற்கிறவன் வாய் திறவாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

மௌனமும் சில வேளை பேசும் என்று சட்டமே ஒப்புக்கொள்ளுகிறது. அப்படியானால், எப்போது பேசுகிறது என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

அதற்கு முன் 13-ஆம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் எழுதியதைச் சிறிது பார்ப்போம். அவரும் குதிரையைத்தான் எடுத்துக்கொள்ளுகிறார். மறைவான குறையால் வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ வருமானால் விற்கிறவன் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாத விற்பனை அநியாயம். ஆனால் குறை வெளிப்படையாய் இருந்து, அதற்குத் தகுந்தபடி அவன் தானாகவே விலையையும் குறைத்திருந்தால், வாய்விட்டு அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒற்றைக் கண் குதிரை அவர் தரும் உதாரணம். ஏன் கட்டாயம் இல்லை? விற்கிறவன் அதைப் பெரிதுபடுத்திச் சொன்னால், வாங்குகிறவன் அதையே சாக்காக வைத்து நியாயத்துக்கு மீறி விலையை அடிப்பான். தன்னை அந்த நஷ்டத்திலிருந்து காத்துக்கொள்ள விற்கிறவனுக்கும் உரிமை உண்டு என்கிறார். சந்தை தெரிந்த மனிதரின் பேச்சு இது. வேதசாஸ்திரிகள் வியாபாரியின் கஷ்டம் அறியாதவர்கள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

இந்த அளவுகோலின்படி, நம் வழக்கில் கறை படிந்த ஆசனமும் விட்டுப்போன தையலும் ஒற்றைக் கண் குதிரை. பார்க்கக் கண் இருக்கிறவன் பார்ப்பான். விலையில் அதற்கு இடம் விட்டிருந்தால் போதும். அதைப்பற்றி மனச்சாட்சியை வருத்திக்கொள்வது வீண் சஞ்சலம்.

பட்டிக்கு வருவோம். இங்கேதான் புதுப்பித்த வண்டிக்கும் சும்மா பழைய வண்டிக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. மாமரத்தடியில் கிடக்கும் ஹெரால்டை அதே கோலத்தில் விற்கிறவன், துருவைப்பற்றிப் பேசாவிட்டாலும், துருவே அவனுக்காகப் பேசுகிறது. புதுப்பித்தவனோ அந்தத் துருவின் வாயை அடைத்துவிட்டான். பட்டி பார்த்து, தேய்த்து, வண்ணம் அடித்த ஒவ்வோர் இடமும் "இங்கே வேலை முடிந்தது, இது திடமானது" என்று பார்க்கிறவனிடம் சொல்லுகிறது. அப்படிச் சொல்லுவதற்காகத்தானே வண்ணம் அடிக்கிறோம்! ஆகவே, பூச்சின் அடியில் இரும்பு இல்லை என்று அறிந்த விற்பனைக்காரர், 'நான் ஒன்றும் சொல்லவில்லையே' என்று ஒதுங்க முடியாது. அவருடைய கைகள் முன்னமே பேசியாயிற்று. வாய் அதைத் திருத்தாவிட்டால் பொய் நிற்கும். எட்டாம் கற்பனை நாவுக்கு மட்டும் விதிக்கப்பட்டது என்று நாம் சிறு வயதில் எண்ணியிருக்கலாம். தூரிகையாலும் பொய் சொல்லலாம்.

"மெக்கானிக்கைக் கூட்டி வரட்டும்" என்ற பதிலும் இந்த இடத்தில் செல்லாது. மெக்கானிக்கின் கண்ணும் விரலும் ஏமாறும்படியாகத்தானே அந்தப் பட்டி தேய்க்கப்பட்டது? பரிசோதனையைத் தோற்கடித்துவிட்டுப் பரிசோதித்துக்கொள் என்று அழைப்பது கிரயத்துக்குமேல் கேலியும் செய்வதாகும்.

மூன்றாவது குறை வேறு ஜாதி. அந்தச் சக்கரம் மடங்கினால் நஷ்டம் வாங்கினவனோடு நிற்காது. இரும்புலியூரில் சாலையைக் கடக்கும் கிழவி இந்தக் கிரயத்தில் கையெழுத்துப் போட்டவள் அல்லள். பெருங்களத்தூர் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளிடம் யாரும் "உள்ளது உள்ளபடி சம்மதமா?" என்று கேட்கவில்லை. ஆதலால் இங்கே சொன்னால் மாத்திரம் போதும் என்று எம்மால் சொல்ல முடியவில்லை. வாங்குகிறவர் "பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்ளுகிறேன்" என்று விலையைக் குறைத்து வாங்க முன்வந்தாலும், அவர் மன்னிப்பது தம் பங்கை மட்டுமே. கிழவியின் பங்கை மன்னிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. ஒன்று, அந்தக் கட்டையையும் தண்டையும் மாற்றிய பிறகு விற்க வேண்டும். அல்லது வண்டியை லாரியின்மேல் ஏற்றி அனுப்ப வேண்டும், ஓட்டிப் போக விடக் கூடாது. இது கடுமையான தீர்ப்பு என்று சிலர் எண்ணலாம். உதிரிச் சாமானின் விலையையும் ஒரு காலின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எண்ணட்டும்.

கூரை விஷயம் நுட்பமானது. அதனால் யாருக்கும் கால் முறியாது, வண்டி ஓடும். படுதாவை மடக்கி மாலைக் காற்றில் வண்டலூர்ப் பக்கம் போய் வருகிற இன்பமும் குறையாது. பின் ஏன் சொல்ல வேண்டும்? வாங்குகிறவர் விலை கொடுப்பது இரும்புக்கும் ரப்பருக்கும் மட்டுமன்று. ஒரு சரித்திரத்துக்கும் சேர்த்தே கொடுக்கிறார். பழைய பொருளில் சரித்திரமே பாதிச் சரக்கு. பித்தளையைப் பொன் என்று விற்பவனும், பளபளப்பில் இரண்டும் ஒன்றுதானே என்று சொல்லலாம். மேலும் இதில் கையில் உறைக்கிற நஷ்டமும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கென்று தனி விதிகள் வெளியிட்டது. 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு தனி எண் கிடைக்கும். ஆனால் அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவை ஆதி நிலையில், பெரிய மாறுதல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், செய்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. கூரை கழற்றிய கதையை மறைத்து விற்கிறவர், வண்டியோடு ஒரு வழக்கையும் சேர்த்து விற்கிறார். வாங்கினவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகும் நாளில்தான் அது அவருக்குத் தெரியவரும்.

இனி விலை. பழைய வண்டிக்குச் சந்தை விலை என்று ஒன்று நிலையாக இல்லாதபடியால், இங்கே மனிதர் நெஞ்சம் நன்றாக வெளிப்படும். அர்ச். தோமாஸ் இதிலும் ஓர் அருமையான பகுப்பைச் செய்கிறார். ஒரு பொருளைப் பிரிவதால் விற்கிறவனுக்கு விசேஷ நஷ்டம் உண்டானால், அதற்காக அவன் விலையைக் கூட்டிக் கேட்கலாம். ஏனெனில் அந்த நஷ்டம் அவனுடையது. ஆனால் வாங்குகிறவனுக்கு அந்தப் பொருளால் விசேஷ நன்மை உண்டென்பதற்காக விலையைக் கூட்டக் கூடாது. அந்த நன்மை விற்கிறவனுடைய சொத்தன்று, தனக்கு இல்லாததை அவன் எப்படி விற்பான்? இதை நம் ஊரில் பொருத்திப் பாருங்கள். வாங்க வருகிறவர் ஸ்டாண்டர்டு ஆலையில் ஃபிட்டராக இருந்த ஒருவரின் மகன் என்று வைத்துக்கொள்வோம். தகப்பனார் காலமாகிவிட்டார். முன் மூடியைத் தூக்கியதும் மகன் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கிறார். எஞ்சினைத் தொட்டுப் பார்த்துக் கையைத் துடைக்காமலே வைத்துக்கொள்ளுகிறார். அந்த நிமிஷத்தில் விற்கிறவர் மனதில் இன்னும் ஐம்பதாயிரம் ஏறினால், எதன்மேல் ஏறுகிறது? மூன்று வருஷம் தாம் பட்ட பாட்டுக்காக, பிரிகிற வருத்தத்துக்காக அவர் கூடுதலாகக் கேட்டால் நாம் குறை சொல்ல மாட்டோம். இறந்துபோன அந்த ஃபிட்டரின்பேரில் மகன் வைத்த பாசத்துக்கு ரசீது போட அவருக்கு உரிமை கிடையாது.

இதுவரை விற்கிறவரையே கூண்டில் நிறுத்தினோம். வாங்குகிறவர்களும் கொஞ்சம் வந்து நிற்கட்டும். நம் பக்கத்தில் இந்தத் தப்பிதமே அதிகம் நடக்கக்கூடியது என்பது எம் அபிப்பிராயம். கணவர் இறந்து, பிள்ளைகள் வெளிதேசம் போய், வயதான அம்மாள் ஒருவர் தனியே இருக்கிறார். கொட்டகையில் அவர் கணவரின் ஹெரால்டு கிடக்கிறது. விவரம் தெரிந்த ஒருவர் வந்து உதட்டைப் பிதுக்கி, "காயலான் கடைச் சரக்கு, அம்மா! இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்ளுகிறேன்" என்கிறார். அவருக்குத் தெரியும், முன் மூடி துரு இல்லாமல் இருக்கிறது, விளக்கு வளையங்களும் மீட்டர் பெட்டியும் முழுதாய் இருக்கின்றன, தேடினாலும் கிடைக்காத சாமான்கள் என்று. செம்பு என்று நினைத்துப் பொன்னை விற்கிறவனிடம், பொன் என்று அறிந்தே வாங்குகிறவன் அநியாயமாய் வாங்குகிறான். மிஞ்சினதைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன். இதுவும் அந்தப் பழைய ஆசிரியரின் முடிவே. "நான் பொய் சொல்லவில்லை, விலைதானே கேட்டேன்" என்பவர், அந்தப் பிதுங்கின உதட்டைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். தம் உழைப்பால் தெரிந்துகொண்ட அறிவுக்கு நியாயமான லாபம் வேண்டும் என்றால் வேண்டியதுதான். ஆனால் லாபம் வேறு, விதவையின் அறியாமையை விலைக்கு எடுப்பது வேறு.

மறுபக்கத்தில் இன்னொரு தந்திரம் உண்டு. விற்கிறவர் மிகுந்த யோக்கியர்போல நாற்பது குறைகளை ஒரே மூச்சில் ஒப்பிப்பார். கதவுப் பிடி தளர்ந்தது, ஹாரன் கரகரக்கிறது, கண்ணாடியில் புள்ளி, என்று வரிசையாகச் சொல்லி, நடுவில் "அடியில் கொஞ்சம் வேலை இருக்கும்" என்பதையும் சேர்த்துவிடுவார். கேட்கிறவர் சிரித்துத் தலையாட்டுவார். இவ்விதம் சொல்லுவதும் மறைப்பதே. வைக்கோற்போரில் ஊசியை வெளிப்படையாக எறிவதுபோல. பெரிய குறையை முதலில், தனியாக, அது இன்னதென்று விளங்கும் சொற்களில், முன்பணம் வாங்குவதற்கு முன் சொல்ல வேண்டும். "இந்த இடத்தில் இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது, விரலால் தட்டிப் பாருங்கள்" என்றால் எட்டாம் வகுப்புப் பையனுக்கும் விளங்கும். பழுது பார்க்கும்போது எடுத்த படங்கள் கைப்பேசியில் இருந்தால் அவற்றைக் காட்டிவிட்டால் இன்னும் நலம். புதுப்பிக்கிறவர்கள் அழகான படங்களை மட்டும் காட்டுகிறார்கள். துளை விழுந்த சட்டத்தின் படமே வாங்குகிறவருக்கு அதிகம் உதவும்.

கால்வாசிக் கிரயம் போகுமே, மகளின் சம்பளம் என்னாவது? போகும்தான். அதை இல்லையென்று பூசி மெழுக நாம் விரும்பவில்லை. உண்மை சொன்னவனுக்கு உடனே நல்ல விலை கொடுக்க வேறொருவன் வந்து நிற்பான் என்று கதை சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். சில வேளை வருவான், பல வேளை வரமாட்டான். ஆனால் போகிற அந்தக் கால்வாசி விற்கிறவரின் பணமே அன்று. இரும்பு இருப்பதாக நம்பி வாங்குகிறவர், இல்லாத இரும்புக்குக் கொடுக்கப்போகிற பணம் அது. அவர் சட்டைப் பையில் இருக்கும்வரை அவருடையது. கல்லூரிக்கு வேறு வழி தேட வேண்டியதுதான். குறைந்த கிரயத்தோடு கடன், இல்லையேல் இன்னும் ஒரு வருஷம் வைத்திருந்து அந்தச் சட்டத்தை ஒழுங்காகச் செய்து முழு விலைக்கு விற்பது. இரண்டும் கஷ்டமான வழிகள்.

கடைசியாக ஒன்று. எல்லாவற்றையும் சொல்லி, விலை பேசி, ஆர்.சி. புத்தகத்தில் பெயரும் மாற்றிக் கொடுத்தாயிற்று. ஆறு மாதம் கழித்து, வண்டியில் வேலை செய்த பழைய மெக்கானிக் பேச்சுவாக்கில், இடது பக்கக் கட்டையிலும் தாம் கிரீஸ்தான் அடைத்ததாகச் சொல்லுகிறார். விற்றவருக்கு அது அன்றுவரை தெரியாது. ஆகவே அவர்பேரில் பாவம் இல்லை. ஆனால் தெரிந்த அந்த நிமிஷம் முதல் அறிவிக்க வேண்டிய கடமை தொடங்குகிறது. வாங்கினவரின் எண் கைப்பேசியில் இருக்கிறது. வண்டியை எடுக்க வேண்டாம் என்று அன்றே கூப்பிட்டுச் சொல்லி, கட்டையும் தண்டும் மாற்றுகிற செலவை நியாயமாகத் தாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர் அதைத் தவணையில் கொடுத்தாலும் சரியே.